வேலூர்ல வீடு கட்டப் போறவங்க கவனிங்க: த்ரீடி படத்தைக் காட்டி 85,000 வாங்கிட்டாங்க

முந்தாநாள் காலையில மனையில மார்க்கிங், அதாவது அஸ்திவாரத்துக்கு இடம் குறிக்கறது. 6 மணிக்கு நூல் கட்ட ஆரம்பிச்சாங்க. 10 மணிக்குள்ள தெரிஞ்சு போச்சு, 85,000 ரூபாய் கொடுத்து வாங்கின பிளானை வச்சு ஒரு குழி கூடத் தோண்ட முடியாதுன்னு. கோபம் ஆறறதுக்கு முன்னாடி எழுதிடறேன். புகார் கொடுக்கப் போறதால ஆபீஸ் பேரைப் போடல. மாடியில ஏசி, சுவர் அகலத்துக்கு டிவி, வாசல்ல "பிளான், எலிவேஷன், அப்ரூவல் எல்லாம் ஒரே இடத்தில்"னு போர்டு வச்சிருக்கற ஒரு வீட்டு டிசைன் ஆபீஸ். நடந்ததைச் சொல்லிட்டு, என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

மனை காட்பாடி தாண்டி. 30க்கு 45 அடி, மேற்குப் பார்த்தது, 3 சென்டுக்குக் கொஞ்சம் மேல. கீழே ஒரு பெட்ரூம் முட்டி வலி இருக்கற அம்மாவுக்கு, மேலே ரெண்டு, படிக்கட்டு வீட்டுக்கு உள்ளே. இதுதான் கேட்டது. பேசின தொகை 85,000. டூடி பிளான், த்ரீடி எலிவேஷன் (வீட்டு முகப்புப் படம்), ஸ்ட்ரக்சுரல் டிராயிங் (தூண், பீம், கம்பி விவரம்), எலக்ட்ரிக்கல், பிளம்பிங், அப்ரூவல் எல்லாம் அதுல அடக்கம். அட்வான்ஸ் 40,000, மிச்சம் 45,000 "டிசைன் ஓகே ஆனதும்". டிசைன் ஓகேன்னா என்னன்னு அந்த ஒரு பக்கக் கொட்டேஷன்ல எங்கேயும் இல்லை. அவங்க கணக்குல த்ரீடி படம் பிடிச்சிருச்சுன்னா ஓகே. முழுப் பணமும் போனது அந்த ஒரு வரியிலதான்.

எப்படி நம்ப வச்சாங்கன்னு சொல்லணும். முதல் நாள் அந்த டிசைனர் பட்டர் பேப்பரை விரிச்சு பென்சிலால கண்ணெதிர்லயே வரைஞ்சார். அக்னி மூலையில சமையல்கட்டு. அம்மாவைப் பார்த்து, "எந்தக் கால்மா வலிக்குது? பாத்ரூம் கைப்பிடியை அந்தப் பக்கம் வச்சிடறேன்"னார். இப்படிக் கேட்கறவர் ஏமாத்துவார்னு யாருக்குத் தோணும்? ரெண்டாவது தடவை டிவியில த்ரீடி ஓட்டினாங்க. சாயங்கால வெளிச்சம், முன்னாடி ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, ஓரமா ஒரு மாமரம். அந்த மேசையிலேயே ஜிபேல 45,000 போயிடுச்சு. மொத்தம் 85,000.

அதுக்கப்புறம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேட்டா, "ஆடியில யார் சார் வேலை ஆரம்பிப்பாங்க, ஆவணி பொறக்கட்டும்". ஆவணி பொறந்து, மார்க்கிங்குக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு.

அதை வச்சு மேஸ்திரி நூல் போட்டார். "இன்னா சார் இது, தூணு மாடிப்படி நடுவுல வந்து நிக்குது?" பிளான்ல 9 தூண், ஸ்ட்ரக்சுரல் டிராயிங்ல 12. ஓரத்துல இருந்த கட்டத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தா மனை அளவு 30க்கு 50. வேற யாருக்கோ போட்ட டிராயிங்கை நமக்கு அனுப்பியிருக்காங்க. ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் கையெழுத்து இல்லை. மண் பரிசோதனை பத்தி பேச்சே எடுக்கல. இந்த மனையில 2 அடிக்குக் கீழே கருப்புக் களிமண். மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். வேற மண்ணுக்குப் போட்ட ஃபுட்டிங்கை (தூணுக்கு அடியில வர்ற அஸ்திவாரம்) இங்கே வச்சா சுவர் விரியும்.

அடுத்து மனை. பத்திரத்துல இருக்கற 30, 45ஐ அப்படியே செவ்வகமா வரைஞ்சிட்டாங்க, டேப் எடுத்துக்கிட்டு ஒருத்தரும் வரல. மேஸ்திரி ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்கே 5 அடி வருதான்னு மூலைமட்டம் பார்த்தார், சேரல. ரெண்டு குறுக்களவும், அதாவது மூலைக்கு மூலை அளவும் எடுத்தோம். சரியான செவ்வகமா இருந்தா ரெண்டும் 54 அடி 1 இஞ்ச் வரணும். ஒண்ணு 54 அடி 8 இஞ்ச், இன்னொண்ணு 53 அடி 6 இஞ்ச். மனை கோணிக்கிட்டு இருக்கு. நாலு பக்க அளவும் சரியா இருந்தாலும் மனை கோணலா இருக்கலாம், குறுக்களவு எடுத்தாத்தான் தெரியும். அந்தப் பிளான்படி போனா பக்கத்துல 3 அடி விட்ட இடம் பின்மூலையில கிட்டத்தட்ட 2 அடியா சுருங்கிடும்.

படிக்கட்டுதான் வயிறெரியுது. தளத்துக்குத் தளம் 10 அடி 6 இஞ்ச், அதாவது 126 இஞ்ச். படி உயரம் 7 இஞ்ச்னா 18 படி வேணும். நடுவுல திரும்பற மாடிப்படிக்கு ஒரு பக்கம் 9 ஏத்தம், 8 மிதி (கால் வைக்கற இடம்). மிதி 10 இஞ்ச்னா 80 இஞ்ச், திரும்பற இடத்துல லேண்டிங் 3 அடி, ஆக 9 அடி 8 இஞ்ச் நீளம் வேணும். இவங்க விட்டிருக்கறது 8 அடி. அதுல 14 படிதான் அடங்கும், ஒவ்வொண்ணும் 9 இஞ்ச் உயரம். எந்தக் கால் வலின்னு கேட்டவர் வரைஞ்ச படிக்கட்டு இது! த்ரீடியில படி உயரம் கண்ணுக்குத் தெரியாது. பிளான்ல படிகளை எண்ணி உயரத்தை வகுத்தாத்தான் தெரியும்.

முன்பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். மேற்கு வெயில் சாயங்காலம் சாய்ஞ்சு உள்ளே வரும், மேலே 2 அடி சன்ஷேட் அதைத் தடுக்காது. செங்குத்தா தடுப்பு வேணும், இல்லைன்னா ஜன்னலைக் குறைக்கணும். வேலூர் அக்னி நட்சத்திரத்துல அந்த ஹால்ல மத்தியானத்துக்கு மேல உட்காரவே முடியாது. படம் அழகா இருக்கணும்னு வச்ச கண்ணாடி.

போன் பண்ணினா முதல்ல, "சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க சார்". ஒரு அடியை எங்கே அட்ஜஸ்ட் பண்றது? அப்புறம், "உங்க மேஸ்திரிக்கு டிராயிங் படிக்கத் தெரியல". மத்தியானம் நேர்ல போனா டிசைனர் "குடியாத்தம் சைட்டுக்குப் போயிருக்கார்", அவர் பைக் கீழேயே நிக்குது. நேத்து ஒரு பொண்ணு கூப்பிட்டு, "ரெண்டு கரெக்‌ஷன் முடிஞ்சது சார், மூணாவதுக்கு 8,000 ஆகும்". அவங்க தப்பைத் திருத்த நம்ம பணம்! 85,000ஐத் திருப்பிக் கேட்டதும், "டிசைன் டெலிவர் ஆயிடுச்சு"ன்னு வச்சிட்டாங்க. இன்னிக்கு என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப கை ஓடல. அவசரமா சிலது:

மனைக்கு வந்து குறுக்களவு எடுக்காம யார் பிளான் போட்டாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

பணத்தை டிராயிங் டிராயிங்கா பிரிச்சுக் கொடுங்க. கையெழுத்தோட ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வந்தப்புறம்தான் பெரிய தொகை. த்ரீடியைக் கடைசியில பார்த்துக்கலாம்.

1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு செஞ்சவங்கதான் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்க. கோபமா பார்த்தா எழுந்து வந்துடுங்க.

அப்ரூவலை நாங்க பார்த்துக்கறோம்னு சொன்னா உங்க ஓடிபியைக் கொடுத்துட்டு உட்காராதீங்க. 2024ல இருந்து தமிழ்நாட்டுல 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடி வரை வீட்டுக்குச் சுயசான்று முறை இருக்கு, அதாவது பிளான் விதிப்படி இருக்குன்னு ஓனரே ஆன்லைன்ல உறுதி சொல்லி அனுமதி வாங்கறது. அதுல உறுதிமொழி கொடுக்கறது நீங்க. பிளான் தப்பா இருந்தா நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்.

ஏற்கெனவே ஏமாந்தவங்க வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்லை. 85,000க்கு நாங்க திங்கட்கிழமை போடறோம்.

நாளைக்குக் காலையில வேற என்ஜினீயர் வர்றார். குறுக்களவுல இருந்து மறுபடி ஆரம்பிக்கறோம்.