பியானோ ஹேமர் மாற்றிவிட்டேன் என்று சொன்னால், கழற்றிய பழசைக் கேட்டு வாங்குங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் கொடுக்கப் போவதால் ஆளின் பெயரைப் போடவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ. மகள் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறாள். கொஞ்ச நாளாகவே சத்தம் காதைக் குத்தியது, அதிலும் நடு கீகளில் ரொம்ப மோசம். சென்னையிலிருந்து வருகிற டெக்னீஷியன் என்று ஒருவரை வரவழைத்தோம்.

கீயை அழுத்தினால் உள்ளே கம்பியைத் தட்டுகிற சின்னச் சுத்திதான் ஹேமர், அதன் தலையில் சுற்றிய கம்பளிதான் ஃபெல்ட். வந்தவர் நாலு கீயைத் தட்டிப் பார்த்தார். "கடல் காத்து மேடம், ஹேமர் எல்லாம் போச்சு. ஜெர்மன் ஃபெல்ட் செட் போட்டுத் தரேன், சர்ச் ஆர்கன் மாதிரி இருக்கும்" என்றார். பியானோவை எதற்கு ஆர்கன் மாதிரி ஆக்க வேண்டும்? சரி, அது இருக்கட்டும். பேசிய தொகை 38,000 ரூபாய். ஹேமர்கள் பொருத்திய உள் பாகமான ஆக்‌ஷனை அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது ஹேமர்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. வாசித்துப் பார்த்தால் நடு கீகளில் சத்தம் தலையணைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. மேல் கீகளிலோ மரம் தட்டும் ஓசைதான். கேட்டதற்கு, "புது ஃபெல்ட், வாசிக்க வாசிக்கத் திறந்துக்கும்" என்றார். அடுத்த முறை, "உங்க காதுக்குப் பழைய சத்தம் பழகிப்போச்சு" என்றார். இன்னொரு தடவை குற்றம் எங்கள் ஜன்னல் திரைச்சீலைக்குப் போனது. அப்புறம் போனை எடுப்பதே நின்றுவிட்டது.

சர்ச் பியானோக்களைப் பார்க்கும் ஒரு பெரியவரை அழைத்துக் காட்டினோம். முன்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தவர், "இங்க பாரும்மா" என்று கீழ் ஸ்தாயி ஹேமர் ஒன்றைக் காட்டினார். பக்கவாட்டில் பூச்சி அரித்த ஓட்டை அப்படியே இருந்தது. மரத்தில் அடித்த பழைய நம்பர்களும், தண்டு சேரும் இடத்தில் பழுப்பேறிய பழைய பசையும் மாறவே இல்லை. எல்லாம் எங்கள் ஹேமர்தான், உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கியிருக்கிறார்.

தேய்ப்பதே தப்பு என்று இல்லையாம். வருஷக்கணக்கில் அடித்து அடித்து ஃபெல்ட் இறுகிப்போகும், கம்பி பட்ட இடத்தில் பள்ளம் விழும். காதைக் குத்தும் சத்தம் வருவது அதனால்தான். பள்ளம் போகிற அளவுக்கு அளவாகத் தேய்க்க வேண்டும். மேல் கீகளின் ஹேமரில் ஃபெல்ட்டே மெல்லிசு. அதில் மரம் எட்டும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார். சத்தத்தை மென்மையாக்க ஃபெல்ட்டில் ஊசி குத்துவதும் உண்டு. அதை ஹேமரின் தோள்பட்டையில், அதாவது நுனிக்கு இரண்டு பக்கமும், குத்துவார்கள். இவர் கம்பியில் படுகிற நுனியிலேயே குத்தித் தள்ளியிருக்கிறார். போன ஃபெல்ட்டை ஒட்டவைக்க முடியாது, இனி உண்மையிலேயே புது செட் போட வேண்டியதுதான்.

பெரியவர் சொன்னதில் இன்னொன்று முக்கியம். நடு, மேல் கீகளில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள். அதில் ஒன்று லேசாக விலகினாலும் சத்தம் கரடுமுரடாகிவிடும். அதனால் முதலில் கம்பிகளைச் சுதி சேர்க்கும் ட்யூனிங், அதற்குப் பிறகுதான் ஊசி. இந்த மனிதர் ட்யூனிங் சாவியை வெளியே எடுக்கவே இல்லை. கடல் காற்றால் கம்பி துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் கீ இறுகும், அதெல்லாம் நிஜம். ஆனால் சத்தம் சரியில்லை என்று சொன்ன உடனே ஊசியைக் கையில் எடுப்பவரிடம், ஒரே ஒரு கீயில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆக்‌ஷன் வெளியே போகும் முன் ஹேமர்களைப் பக்கவாட்டில் நம்பர் தெரிய போட்டோ எடுத்துவிடுங்கள். பில்லில் என்ன மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் இருப்பது 'பியானோ சர்வீஸ்' என்ற இரண்டே வார்த்தை.

நல்ல வேளை, பணம் ஜிபேயில் போனது. ஜெர்மன் ஃபெல்ட் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் யாராவது இதே ஜெர்மன் ஃபெல்ட் கதையோடு வந்து போயிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், ஹேமர் போட்டோக்களை அனுப்புகிறேன்.