கமராவுக்குக் கட்டிய பிளாட்

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலு நாள் இருந்தபோது, எங்கள் போர்ட்டிக்கோ பிளாட்டின், அதாவது வாசல் முகப்பின் தட்டைக் கொங்கிறீற் கூரையின், அடியிலிருந்து உள்ளங்கை அகலக் கொங்கிறீற் துண்டு ஒன்று கழன்று, கீழே நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விழுந்தது. சற்று முன்னர்தான் பேரன் அந்த இருக்கையில் ஏறியிருந்து விளையாடிவிட்டு உள்ளே ஓடியிருந்தான். துண்டை எடுத்துத் திருப்பினேன். அதன் முதுகில் முறுக்குக் கம்பியின் வரிகள் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தன. அந்த அச்சு நிறைய மண்ணிறத் துரு. பிளாட் போட்டு அப்போது மூன்று வருடம்கூட நிறையவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்போது எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு வீட்டு வேலை நடக்கிறது. பாதிக்கு மேல் வெளிநாட்டுக் காசு. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். வெட்கம் ஏன் என்றால், நான் 31 வருடம் இரசாயனவியல் படிப்பித்த ஆசிரியை. இந்தப் பிளாட்டைத் தின்றது உப்பு. உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவள் நான்.

எங்கள் வீடு வடமராட்சிக் கரையில், பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் இருக்கிறது. இரவில் அலைச் சத்தம் கேட்கும் தூரம். பழைய போர்ட்டிக்கோவை 1973இல் ஐயா கட்டுவித்தார். காங்கேசன்துறைச் சீமெந்து. 1950இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. அதன் சீமெந்தில் எழுந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. எங்கள் பிளாட்டும் ஷெல் துண்டுகளை வாங்கிக்கொண்டு ஐம்பது வருடத்துக்குக் கிட்ட நின்றது. கடைசியில் அதுவும் வெடித்து உதிரத் தொடங்க, கனடாவில் இருக்கும் தம்பி, "அக்கா, அதை இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம்" என்றான்.

தம்பி இருப்பது சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில், கோர்ன்வால் என்ற ஊரில். அங்கே அவன் வீட்டுக் கார்ப் பாதையின் கொங்கிறீற் சில குளிர்காலங்களுக்குள் மேல்தோல் உரிந்து கல் தெரிந்து, முழுவதையும் கிளறிப் புதிதாகப் போட வேண்டி வந்திருக்கிறது. அந்தப் பாட்டில் அவன் அரைப் பொறியியலாளன் ஆகிவிட்டான். கொங்கிறீற்றுக்குள் ஊறிய தண்ணீர் உறையும்போது 9 வீதம் பருக்கும். அது போய் ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காகவே கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை மருந்து போட்டு உண்டாக்குகிறார்கள். வீட்டுக் கார்ப் பாதைக்கு 32 மெகாபஸ்கல் வலிமை, 5 முதல் 8 வீதம் காற்று, தண்ணீர் சீமெந்தின் நிறையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் அவனுடைய கடதாசியில் இருந்தது. அந்தக் கடதாசியைப் படம் எடுத்து, எங்கள் கொந்தராத்துக்காரருக்கு வட்சப்பில் அனுப்பினான்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. சொந்தத்தில் ஒருவர் சொல்லி வந்தவர். வயது நாற்பதுக்குள். கைப்பேசியில் நூறு வீட்டின் படம் வைத்திருந்தார். எல்லாம் பூச்சு ஈரம் காயாத வீடுகள். மூன்று மழை கண்ட வீடு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடதாசியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "கனடாத் தரத்திலேயே செய்வோம், ரீச்சர்" என்றார். காற்று மருந்துக்கு மட்டும் 45,000 ரூபாய் தனியாக. மறுநாள் லேபல் இல்லாத ஒரு வெள்ளைக் கலன் வந்தது. மூடியைத் திறந்து மணந்தேன். எலுமிச்சை வாசம். எங்கள் குசினியில் பாத்திரம் கழுவும் திரவத்தின் அதே வாசம். அது என்னவென்று நான் சாதிக்கவில்லை, மணந்ததைச் சொல்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம்: தண்ணீர் உறையாத வடமராட்சியில் எங்கள் பிளாட்டுக்குக் காற்றுக் குமிழியால் ஒரு பயனும் இல்லை. கலவையில் ஒரு வீதம் காற்று கூடினால் வலிமை ஏறக்குறைய 5 வீதம் குறையும். தம்பியின் கடதாசியில் இங்கே செல்லாதது அந்த ஒரு வரிதான். அதற்குத்தான் அவர் காசு வாங்கினார். இங்கும் அங்கும் ஒரேமாதிரிச் செல்லுகிற தண்ணீர் அளவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அது 2022 ஆவணி. சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தொட்டிருந்த காலம். டீசலுக்கு வரிசை, மின்வெட்டு, எதற்கும் ஒரு சாட்டு ஆயத்தமாக இருந்த காலமும் அதுதான். வன்னியிலிருந்து ஆற்று மணல் என்றுதான் பேச்சு. வந்தது ஒரு லாண்ட்மாஸ்டரில், அந்தச் சிறிய இருசக்கர உழவு இயந்திரத்தில், விடியப்புறம் நாலரைக்கு. "டிப்பருக்கு டீசல் இல்லை, ரீச்சர். அதுதான் சிறிது சிறிதாக ஏற்றுகிறோம்." கிளிநொச்சியிலிருந்து லாண்ட்மாஸ்டர் மணல் ஏற்றி வருமா என்று அரை நித்திரையில் இருந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை. விடிந்த பிறகு பார்த்தேன். வெளிறிய, மிக நுண்ணிய மணல். அரிசியில் குறுநொய் கிடப்பதுபோல் இடையிடையே சிப்பித் துகள்கள். கேட்டதற்கு, "ஆற்றிலும் சிப்பி இருக்கும்தானே" என்றார். நான் தலையாட்டினேன்.

கொங்கிறீற் போட்ட நாளை ஒரு நாடகம் என்றே சொல்லலாம். காலை ஏழு மணிக்கு 32 சீமெந்துப் பைகளை அடுக்கி, கமராவைத் திருப்பித் தம்பிக்குக் காட்டினார்கள். கோர்ன்வாலில் முதல்நாள் இரவு ஒன்பதரை. தம்பி திருப்திப்பட்டு, வேலைக்குப் போக வேண்டும் என்று படுத்துவிட்டான். அதன் பிறகு கமரா இல்லை. கலவை இயந்திரத்துக்குத் தண்ணீரைக் குழாயால் கண்மதிப்பில் விட்டார்கள். ஒரு பைக்கு 22, 23 லீற்றருக்கு மேல் போகக் கூடாத இடத்தில் கலவை கஞ்சிபோல் ஓடியது. கஞ்சியாக இருந்தால் இழுத்து மட்டம் பிடிப்பது சுகம். நான்கு பேர் செய்யும் வேலையை இருவர் செய்துவிடலாம். நான் கிட்டப் போனபோது, "ரீச்சர், வெயில். நீங்கள் உள்ளே போய் இருங்கள். தம்பியோடு கதைத்துவிட்டோம்" என்றார்கள். காசு அனுப்புகிறவன் பார்த்துவிட்டான். நிற்கிறவள் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். நானும் உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன்.

பின்னேரம் கன்று வைப்பதற்காக வெறும் பைகளைப் பொறுக்கினேன். 23 இருந்தன. பழக்கதோஷத்தில் கலண்டரில் குறித்தும் வைத்தேன். மற்ற ஒன்பதும் எங்கே என்று கேட்டபோது, "சோளகக் காற்றில் பறந்திருக்கும்" என்று சிரித்தார். சோளகம் வெறும் பையைத்தான் பறக்க வைக்கும். 50 கிலோ சீமெந்தோடு பறக்க வைக்காது.

நல்லூர்த் தேர் வந்தது, வேலையாட்கள் ஒருவரையும் காணவில்லை. பிளாட்டின் மேல் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், குறைந்தது ஏழு நாள். அந்தக் காற்றில் மேற்பரப்பு பப்படம்போல் காய்ந்து, மூன்றாம் நாளே மயிரிழை வெடிப்புகள் ஓடின. நானே ஏணி வைத்து ஏறி, கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றினேன். எங்கள் கிணறு உவர். உப்புப் போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதை மறைக்க மாட்டேன். எட்டாம் நாள் வேறொரு வேலைத்தலத்துக்கு வேண்டும் என்று முட்டுக்கால்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடியில் பூச்சுப் பூசி, வெள்ளை அடித்து, மாலைச் சூரியனில் ஒரு படம். தம்பி இதயக் குறி போட்டான். மொத்தம் 640,000 ரூபாய்.

2024 கார்த்திகையில் ஃபெங்கால் புயல் மழை ஊரை வெள்ளத்தில் போட்ட பிறகு, வெள்ளைப் பூச்சில் தேநீர்க் கறைபோல் கோடுகள் தெரிந்தன. கம்பி ஓடிய வழியே, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக. பூஞ்சணம் என்று நினைத்துத் தும்புத்தடியால் தேய்த்தேன். அடுத்த சித்திரையில் துண்டு விழுந்தது.

எங்கள் ஒழுங்கையில், கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்ற ஓவசியர் ஐயா ஒருவர் இருக்கிறார். வந்து சுத்தியலால் பிளாட்டின் அடியைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடம் "டங்" என்றது. கெட்ட இடம் வெறும் பெட்டிபோல் "பொத்" என்றது. பொத்தென்ற இடங்களே அதிகம். விழுந்த துண்டில் கம்பிக்கு வெளியே இருந்த கொங்கிறீற்றை அளந்து காட்டினார்: 8 மில்லிமீற்றர். "கடற்கரை வீட்டுக்கு இதைப்போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும், பிள்ளை" என்றார். கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர்க் கட்டைகளை அடியில் வைக்காமல், கம்பி வலையைப் பலகை மேல் அப்படியே கிடத்தி ஊற்றியிருக்கிறார்கள். ஆறு அங்குல இடைவெளி என்று பேசிய கம்பி, எட்டு ஒன்பது அங்குலத்தில் ஒன்றாகக் கிடந்தது.

அன்று பின்னேரமே, சேமித்து வைத்திருந்த பழைய இரசாயனப் பெட்டியைத் திறந்தேன். மதிலோரம் அந்த மணலின் மிச்சம் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தது. ஒரு கரண்டியளவை, கடையில் வாங்கிய பற்றரித் தண்ணீரில், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீரில், கலக்கித் தெளியவிட்டேன். குழாய்த் தண்ணீர் உதவாது, உப்பில் உள்ள குளோரைட்டு அதிலேயே இருக்கும். வடித்ததில் இரண்டு துளி ஐதான நைத்திரிக்கமிலம், பிறகு வெள்ளி நைத்திரேற்று; குளோரைட்டு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். கலங்கல்கூட இல்லை, நேரே பால். சோதனைக்குழாய்க்குப் பின்னால் பிடித்த என் விரல் மறைந்துபோனது. ஓவசியர் ஐயா தன் மகன் வீட்டுக்கு இறக்கிய வன்னி மணலில் அதே அளவு கொண்டுவந்தார். அது புகைபோல் மங்கியதோடு நின்றுவிட்டது. நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மைக்குள் இரும்பு தன்மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு துருவாமல் கிடக்கும். குளோரைட்டு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் கேட்கும், இடம் இல்லாததால் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். இதையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளி நைத்திரேற்று எல்லோர் வீட்டிலும் இராது. பழைய மேசன்மார் மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், அதற்குச் செலவில்லை. பலகை அடித்துக் கம்பி கட்டிய பிறகு, ஊற்றுவதற்கு முன், ஒரு டேப்போடு ஏறிக் கம்பிக்கு அடியில் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே அளந்து பாருங்கள். ஊற்றிய பிறகு ஒன்றும் தெரியாது. இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் மூடுபட்டுவிடும். வெறும் பைகளை எண்ணுங்கள், நிறைந்த பைகளை எண்ணிப் பயனில்லை. கடைசித் தவணையில் ஒரு பங்கை முதல் மாரி முடியும்வரை கையில் வைத்திருப்பேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். நான் எதையும் எழுதி வாங்கவில்லை.

மத்தியஸ்த சபைக்குப் போனேன். எழுத்து இல்லை என்று அவர் சொன்னார். ஆனால் வட்சப் இருந்தது. மணல், கம்பி இடைவெளி, காற்று மருந்து என்று அவர் தம்பிக்கு எழுதியது எல்லாம் திகதியோடு இருந்தது. 32 பைகளின் படமும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் கலண்டர்த் தாளை வைத்தேன். 150,000 ரூபாயை ஐந்து தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு வந்திருக்கிறது. பிளாட்டை இடித்ததற்கே அதைவிடக் கூடச் செலவானது. புதியதை ஓவசியர் ஐயா நின்று போடுவித்தார். 40 மில்லிமீற்றர்க் கவர்க் கட்டைகளை நானே முற்றத்தில் வார்த்துக் காய வைத்தேன். நனைக்கக் குடிதண்ணீர் பவுசர் பிடித்தோம். தம்பிக்கு ஒரு படமும் அனுப்பவில்லை. கோபித்துக்கொண்டான், பிறகு விட்டுவிட்டான்.

போன கிழமை விடியப்புறம் மறுபடியும் லாண்ட்மாஸ்டர்ச் சத்தம். நாலு வீடு தள்ளி, புதிதாக எழும்பும் மேல்வீட்டுக்கு வெளிறிய மணல் இறங்குகிறது. விடிந்ததும் போய்ப் படலையில் நின்று ஒரு கைப்பிடி கேட்டேன். "எல்லாம் மகன் சுவிசில் இருந்து கமராவில் பார்த்துக்கொள்கிறான், ரீச்சர்" என்று அந்த வீட்டு அம்மா பெருமையாகச் சொன்னார். மணலை வீட்டுக்குக் கொண்டுவந்து கலக்கினேன். மூன்றாவது துளியில் பாலானது. சோதனைக்குழாயோடு திரும்பிப் போய் மகனின் இலக்கத்தை வாங்கினேன். சுவிசில் அப்போது நாலு மணியும் ஆகியிருக்காது. எழுப்பினேன்.