கச்சேரி சிடிகளைக் கணினியில் ஏற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கர்நாடக சங்கீத சிடியைக் கணினியில் ஏற்றும்போது ஒரு துளி விட்டுப்போனாலும் முதலில் காட்டிக்கொடுப்பது தம்புராதான். சினிமாப் பாட்டின் தாளச் சத்தத்தில் மறைந்துபோகிற சின்ன 'டிக்', சீராக ஓடும் சுருதிக்கு நடுவே பளிச்சென்று கேட்டுவிடும். வீட்டில் இருப்பவை பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளும் நாகஸ்வரமும் என்பதால், ஆரம்பத்திலிருந்தே எக்ஸாக்ட் ஆடியோ காப்பியைத்தான் பயன்படுத்துகிறேன். 1998-லிருந்து இருக்கிற விண்டோஸ் மென்பொருள். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்.

ஃபைல் காப்பி செய்கிற மாதிரிதானே, இதற்கு எதற்குத் தனி மென்பொருள் என்று பலரும் கேட்கிறார்கள். வித்தியாசம் சிடிக்குள்ளேயே இருக்கிறது. இசை சிடியில் ஒரு நொடிக்கு 75 துண்டுகள், ஒவ்வொன்றும் 2,352 பைட். அத்தனையும் இசைக்கே போய்விடும். டேட்டா சிடியிலோ அதே துண்டில் 2,048 பைட்தான் தகவல். மிச்சத்தில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. இசை சிடியிலும் அடிப்படைப் பிழைத்திருத்தம் உண்டுதான். ஆனால் கீறல் அதையும் மீறினால், டிரைவ் முன்பின் இருக்கும் ஒலியைப் பார்த்து நடுவில் ஓர் உத்தேச மதிப்பைப் போட்டு நிரப்பிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சாதாரண மென்பொருள் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் 'செக்யூர்' முறை ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கிறது. முடியவில்லை என்றால், எந்த நிமிடம் எந்த நொடியில் சந்தேகம் என்று லாகில் (வேலை முடிந்ததும் தரும் அறிக்கையில்) எழுதிவிடுகிறது. அந்த நேர்மைதான் இத்தனை வருடமாக என்னை இதிலேயே வைத்திருக்கிறது.

அடுத்தது அக்யூரேட்ரிப். உலகம் முழுக்க அதே சிடியை ஏற்றியவர்களுடைய செக்சம்மோடு (ஃபைலிலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண்) நம்முடையதை ஒப்பிடும். ஒத்துப்போனால் அந்த டிராக்கைப் பற்றி வேறு கவலையே வேண்டாம். ஒவ்வொரு டிரைவ் மாடலும் இசையைச் சில சாம்பிள் (நொடிக்கு 44,100 முறை எடுக்கும் ஒலி அளவீடு) முன்னேயோ பின்னேயோ தள்ளிப் படிக்கும். அதை 'ஆஃப்செட்' என்பார்கள். சில டிரைவுக்கு 6, சிலவற்றுக்கு 667. 667 சாம்பிள் என்றாலும் சுமார் 15 மில்லி நொடிதான், காதுக்குத் தெரியாது. ஒப்பிடுவதற்குத்தான் அதைச் சரியாக வைக்க வேண்டும்.

நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான். என்னிடமிருக்கும் பழைய தமிழ் சிடிகளில், முக்கியமாக நாகஸ்வரம், தேவாரம், சின்ன கம்பெனி வெளியிட்ட கச்சேரிகள், நிறைய அக்யூரேட்ரிப் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு 'டெஸ்ட் அண்ட் காப்பி' முறையில் இரண்டு தடவை படிக்கவிட்டு, இரண்டு தடவையும் வந்த சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் ஒன்றா என்று பார்க்கிறேன். அரிய சிடி என்றால் வேறு கம்பெனி டிரைவிலும் ஒரு தடவை. ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு தடவையும் செய்யலாம். இரண்டு வேறு டிரைவ்கள் அதே தப்பைச் செய்வது அபூர்வம்.

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். நல்ல சிடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீறல் விழுந்தது மணிக்கணக்கில் இழுக்கும். கத்திரி வெயிலில் மதுரை மாடி அறையில் டிரைவ் கொதித்துப்போகிறது. அதனால் கஷ்டமான சிடிகளை விடியற்காலையில்தான் போடுகிறேன்.

துடைப்பதும் பாதி வேலை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. வட்டமாக விழுந்த கீறல் தடத்தோடு கூடவே ஓடும். பிழைத்திருத்தத்தால் சமாளிக்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவமும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். பெயர் அச்சிட்ட பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும்: வெள்ளி போல மின்னும் படலம் அந்தப் பக்கம் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் படலமே உரிந்துவிடும்.

சேமிக்க ஃபிளாக் என்ற ஃபைல் வடிவம். சிடியில் நொடிக்கு வரும் 1,411 கிலோபிட்டை ஒரு பிட்கூட இழக்காமல் சுருக்கிவைக்கும். சுருக்க அளவு 0 முதல் 8 வரை எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான். ஃபைல் அளவும் நேரமும் மட்டும் மாறும். இரண்டு சானலிலும் ஒரே ஒலி இருக்கும் பழைய மோனோ பதிவுகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுருங்கும். கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்தது, தனி ஆவர்த்தனம் அதற்கடுத்தது என்று சுருதி அறுபடாமல் போகும். எம்.பி.3 ஆக்கினால் ஒவ்வொரு டிராக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் சேரும். எல்லா பிளேயரும் அதைச் சரியாக நீக்குவதில்லை. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை கிடையாது. அதோடு, இசையின் செக்சம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மாற்றும்போதெல்லாம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிறேன்.

ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் 'நார்மலைஸ்' வசதியை மூடியே வையுங்கள், அது மூலத்தையே மாற்றிவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றுவதிலும் பிரயோஜனம் இல்லை. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் எதுவும் அதிலிருந்து வராது.

எவ்வளவு ஒழுங்காக ஏற்றினாலும் சிடியே போலி என்றால் என்ன செய்ய? சித்திரைத் திருவிழா நேரத்தில் தெருவோரக் கடையில் வாங்கிய பக்திப் பாடல் சிடி ஒன்று லாகில் சுத்தமாகத் தேறியது, ஆனால் ஜால்ரா மட்டும் மொண்ணையாகக் கேட்டது. ஒலியில் எந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற மென்பொருளில் பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, கத்தியால் வெட்டிய மாதிரி. எம்.பி.3-யிலிருந்து திருப்பி சிடியாக்கியதன் அடையாளம் அது. பழைய பதிவுகளில் மேல் ஸ்தாயி இயல்பாகவே மங்கிக்கொண்டு போகும். அந்த நேர்க்கோட்டு வெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

புது லேப்டாப்களில் டிரைவே வருவதில்லை. யு.எஸ்.பி. டிரைவ் போதும், விலை கூடியதற்காக ஒலி கூடிவிடாது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஏதாவது கிடைத்தால் இரண்டாவது டிரைவாக எடுத்து வையுங்கள். வாங்கியதும் அக்யூரேட்ரிப்பில் இருக்கிற, கீறல் இல்லாத சிடி ஒன்றைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, வீட்டில் எழுதிய சிடி-ஆர்களை முதலில் ஏற்றுங்கள். அவற்றின் சாயம் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் மங்கிவிடும். கடையில் வாங்கிய ஒரிஜினல்கள் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும்.