கோட்டிங் போட்ட காரைத் துடைப்பதா, ஊதுவதா? குன்னூர் ஈரத்தில் ஓர் ஒப்பீடு

செராமிக் கோட்டிங் போட்டபின் வண்டி கழுவுவது பாதி வேலையாகிவிட்டது, யோசிக்க வேண்டியது காயவைப்பதைத்தான். கோட்டிங் என்பது ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே உள்ள சிலிக்கா படலம். தண்ணீரைத் தள்ளும், சேறு ஒட்டிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஒரு மண் துகளை வைத்துத் தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும். எனவே ஈரத்தை எடுக்கும்போது பெயின்ட்டை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது. மைக்ரோஃபைபர் துண்டு, கை பிளோயர் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. நான் பிளோயர் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெயிலில் அப்படியே விட்டால் தண்ணீர் போய்விடும், அதிலிருந்த உப்பு வட்டவட்டமாகத் தங்கிவிடும். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் அது அவ்வளவாகத் தெரியாது, மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு போர் தண்ணீரில் கழுவினால் பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஷாமி துணி (தோல் போன்ற, தண்ணீர் உறிஞ்சும் துணி) வழுவழுவென்று இருப்பதால் மண் துகள் உள்ளே போக இடமில்லாமல் பெயின்ட்டோடு சேர்ந்தே இழுபடும், கோட்டிங் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் தெரு டிரைவர் அண்ணன் ஒருவர், "ஒரு ரவுண்டு போய்ட்டு வா தம்பி, தானா காஞ்சிரும்" என்பார். பிரேக் காய்வதற்கு அது சரிதான், ஆனால் எஸ்டேட் சாலையில் ஈர வண்டியை ஓட்டினால் கழுவியதற்கு அர்த்தமில்லை.

இனி துண்டு. முறுக்கு இழை வைத்த கனமான மைக்ரோஃபைபர் துண்டு நிஜமாகவே நல்ல பொருள். கூரைமேல் விரித்துப் போட்டு இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். சத்தமில்லை, கரன்ட் வேண்டாம், வேகத்தில் பிளோயர் இதன் பக்கத்தில் வராது. கோயம்புத்தூரில் இருந்திருந்தால் நானும் துண்டோடு நின்றிருப்பேன்.

இங்கே பிரச்சனை வண்டி காய்வதில் இல்லை, துண்டு காய்வதில். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் போட்ட சட்டையே கொடியில் நாள்கணக்கில் ஈரமாகத் தொங்கும். ஒரு காரின் தண்ணீரைக் குடித்த தடித்த துண்டு எப்போது காயும்? ஈரத்தோடு மடித்து வைத்தால் முடை நாற்றம். வெளியே போட்டால் மஞ்சு இறங்கி மறுபடி நனையும். கணப்பு அடுப்புக்கு மேலே போட்டால் பறக்கிற சாம்பல் இழைக்குள் போய் உட்காரும், கையால் தடவிப் பார்த்தாலே நறநறவென்று படும், அந்தத் துண்டை பெயின்ட்மேல் வைக்க மனசு வராது. இழையில் பெரும்பகுதி பாலியெஸ்டர் என்பதால் சூடு அதிகமானால் விறைத்துப்போகும், ஆகவே ஹீட்டருக்கு மிகப் பக்கத்திலும் வைக்க முடியாது. வீட்டுத் துணிகளோடு போட்டுத் துவைத்தால் பருத்தித் தும்பு ஒட்டும், வாசனைக்காக சாஃப்ட்னர் ஊற்றினால் உறிஞ்சும் குணமே குறைந்துவிடும். அப்புறம், ஒரு தடவை தரையில் விழுந்தால் துவைக்காமல் எடுக்கக்கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க நாலைந்து துண்டுகளைச் சுழற்சியில் வைத்திருக்க வேண்டும். வெயில் வருகிற மாதங்களில் இது சமாளிக்கக்கூடியதே, மழை மாதங்களில் தனி வேலையாகிவிடும்.

பிளோயருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 600, 700 வாட் கை பிளோயரே கோட்டிங் வண்டிக்குப் போதுகிறது, ஏனென்றால் தண்ணீர் ஏற்கெனவே முத்து முத்தாக நின்று உருளக் காத்திருக்கிறது. முதலில் ஹோஸ் முனையிலிருக்கும் கன்னைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள், பாதித் தண்ணீர் ஒரே படலமாகச் சேர்ந்து இறங்கிவிடும். பிறகு மேலிருந்து கீழாக, சாய்வாக ஊதிக்கொண்டே வந்தால் துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும், பார்க்கவே ஆசையாக இருக்கும். பக்கக் கண்ணாடி இடுக்கு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், வீல் நட்டு இங்கெல்லாம் துண்டு போகாது, துடைத்து முடித்த பிறகு அங்கிருந்துதான் கோடு கோடாக ஒழுகும். பிளோயர் அதையெல்லாம் முதலிலேயே வெளியேற்றிவிடுகிறது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. முனை பெயின்ட்டில் இடிக்கக்கூடாது, வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது கதவை உரசும். தரையை நோக்கி ஊதினால் மண் கிளம்பும். காற்று உள்ளே போகும் பக்கத்தைத் தூசி இல்லாமல் வைத்திருங்கள். நனைந்த தரையில் நின்று கரன்ட் சாமானைப் பிடிப்பதால் ரப்பர் செருப்பும், லைனில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் கட்டாயம். மழை நாளில் கரன்ட் போனால் துண்டுதான் கதி, மறுக்கவில்லை. 1,850 மீட்டர் உயரத்தில் காற்றே சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு போல இலேசு, ஊதும் விசையும் அதற்கேற்பக் குறையத்தான் செய்யும், நடைமுறையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் வண்டி வெள்ளை, மெல்லிய கோடுகள் அதில் சுலபத்தில் தெரியாது. கறுப்பு வண்டிக்காரர்கள் என் பேச்சை அந்தக் கழிவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டிங் இல்லாத வண்டிக்கு இந்தச் சின்ன பிளோயர் சரிப்படாது, தண்ணீர் தட்டையாக ஒட்டிக்கொண்டு நகராது.

ஊதி முடித்த பிறகும் கதவு விளிம்பில், டிக்கி மூடியின் அடியில் கொஞ்சம் ஈரம் நிற்கும். அதற்கு ஒரு சின்னத் துண்டு போதும், அது ராத்திரிக்குள் சமையலறைக் கம்பியிலேயே காய்ந்துவிடுகிறது. வீலுக்கு வேறு துண்டு வையுங்கள், மலை இறங்கி வருகிற வண்டியின் பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும்.