மாதவிடாய் வலிக்கான தனி ஆலோசனைப் பிரிவு: ஒரு மதிப்புரை

மாதவிடாய் வலிக்கென்றே இயங்கும் ஆலோசனைப் பிரிவு ஒன்றில் சில மாதங்களாகச் சிகிச்சை பெற்றுவருகிறேன். முதல் சந்திப்பில் அங்கே கேட்கப்பட்ட கேள்விகளையே நான் மிகவும் மதிக்கிறேன். வலி உதிரப்போக்கோடு தொடங்குகிறதா, சில நாட்கள் முன்பே வந்துவிடுகிறதா. பூப்பெய்திய காலம் முதலே உள்ளதா, பிற்பாடு வந்ததா. மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலிக்கிறதா. காப்பர் டி பொருத்தப்பட்டுள்ளதா என ஒவ்வொன்றாகக் கேட்டு மருத்துவர் குறித்துக்கொண்டார். உடலின் வரைபடம் அச்சிட்ட தாளைக் கொடுத்து, வலிக்கும் இடங்களைப் பேனாவால் வட்டமிடச் சொன்னார். அடிவயிற்றோடு இடுப்பின் பின்புறத்தையும் தொடையையும் நான் வட்டமிட்டதும், அவற்றைப் பற்றித் தனித்தனியே விசாரித்தார்.

இக்கேள்விகளுக்குக் காரணம் உண்டு. புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலில் சுரக்கும் வேதிப்பொருள் கருப்பைத் தசையை இறுக்குவதால் வரும் வழக்கமான வலி, பெரும்பாலும் உதிரப்போக்கு தொடங்கும் வேளையில் வந்து 2 அல்லது 3 நாட்களில் அடங்கிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அத்தகைய திசு கருப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வது), கருப்பை நார்க்கட்டி, இடுப்புக்குழித் தொற்று போன்றவற்றால் வரும் வலியோ முன்கூட்டியே தொடங்கலாம், நீடிக்கலாம், ஆண்டுக்கு ஆண்டு கூடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. ஆயினும் ‘எல்லாருக்கும் வருவதுதானே’ என்ற பதிலைக் கேட்டே பலர் ஆண்டுக்கணக்கில் வேதனைப்படுகிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் ஸ்கேன் அறிக்கையில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. முன்பு வேறோரிடத்தில் இதே கட்டத்தில் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கோ, வயிற்றின் உள்ளுறையில் படரும் எண்டோமெட்ரியோசிஸின் மெல்லிய திட்டுகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதையும், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்ப்பது) செய்து உறுதிப்படுத்தாமலேயே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்க வழியுண்டு என்பதையும் விளக்கி, முடிவை என்னிடமே விட்டார்கள். டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தேர்ந்தேன். வலி வெகுவாகக் குறைந்துள்ளது.

குறைகளும் உண்டு. அம்மாத்திரையால் தொடக்க மாதங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு வரலாம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு தாளில் அச்சிட்டுத் தந்திருந்தால், எதிர்பாராத நாளில் உதிரம் கண்டபோது அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். மறுசந்திப்புக்கும் நெடுநாள் காத்திருக்க வேண்டியுள்ளது. இத்தகைய பிரிவுக்குச் செல்பவர்கள், வலி வந்த நாள், உதிரத்தின் அளவு, போட்ட மாத்திரை, அது கேட்டதா இல்லையா ஆகியவற்றை முந்தைய சில மாதங்களுக்கேனும் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. முதல் சந்திப்பின் நேரம் பெரும்பாலும் இவற்றை நினைவுகூர்வதிலேயே கழிந்துவிடுகிறது.