சரக்கு குவிந்த பிறகு: ஆர்பிஜி மெனுக்களோடு பல ஆண்டுகள்

ஆர்பிஜி என்பது ஒரு பாத்திரமாக மாறி, பொருள் சேர்த்து, பலம் பெருக்கி ஆடும் கணினி விளையாட்டு. அதில் நம் பையில் இருப்பதைக் காட்டும் மெனு நல்லதா என்று முதல் வாரத்தில் சொல்லிவிட முடியாது. பையில் ஒரு வாளும் இரண்டு மருந்துக் குப்பிகளும் இருக்கும்வரை எல்லா மெனுவும் அழகுதான். சரக்கு குவிந்த பிறகுதான் சாயம் வெளுக்கும்.

2011-இல் வந்த ஸ்கைரிம் என்ற ஆர்பிஜியை இன்றும் விளையாடுகிறேன். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் இருப்புக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. பெயரை மட்டும் எழுதி, எடையும் விலையும் கேட்டால்தான் காட்டுவேன் என்று பேரேடு வைத்தால் முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஸ்கைரிமின் மூல மெனு அந்த மாதிரிப் பேரேடு. நீளமான பெயர் வரிசை. ஒரு பொருளின்மேல் போய் நின்றால்தான் அதன் எடையும் விலையும் தெரியும். சுமை வரம்போ தொடக்கத்தில் 300; தாண்டினால் ஓட முடியாது. எதைக் கீழே போடலாம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் எழுதிய ஸ்கையூஐ என்ற கூடுதல் நிரல் இதை நேர்செய்தது: எடை, விலை தனித்தனிப் பத்திகளில், தலைப்பை அழுத்தினால் வரிசை மாறும், தேடவும் வசதி உண்டு. அதைப் போடாமல் நான் ஸ்கைரிமைத் திறப்பதில்லை.

என் மனத்துக்குப் பிடித்தது இன்னும் பழையது. 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் எடை என்ற பேச்சே இல்லை, இடம்தான் கணக்கு. பையில் பத்துக்கு நான்கு கட்டங்கள். மோதிரத்துக்கு ஒரு கட்டம், மார்புக் கவசத்துக்கு ஆறு. ஹொராட்ரிக் கியூப் என்ற மந்திரப் பெட்டி நான்கு கட்டங்களை அடைத்துக்கொண்டு உள்ளே பன்னிரண்டு தரும்! மறு ஆண்டு வந்த கூடுதல் பாகத்தில் தாயத்துகள் வந்தன. அவை பையில் இருந்தால்தான் பலன் தரும். பலம் வேண்டுமா, கிடைப்பதை அள்ளிவர இடம் வேண்டுமா? பையே ஆட்டமாகிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் நிலவரம் புரிந்துவிடுவதால் யோசனை முழுவதும் அந்தத் தேர்வில்தான் போகும், தேடுவதில் அல்ல.

தி விட்சர் 3 என்ற ஆர்பிஜி, பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டியையே 2015-இல் வெளியான பிறகு பேட்ச் என்னும் திருத்தப் பதிப்பு வழியாகத்தான் தந்தது. போகட்டும்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) கூட்டாளிகளின் பைகளைப் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டுகிறது, தேடலாம், வரிசைப்படுத்தலாம். ஆனால் கரண்டி, தட்டு, அழுகிய காய் என்று எடுக்க முடியாத பொருளே அதில் இல்லை. விடுமுறைக்குத் திருமங்கலத்திலிருந்து வரும் அக்கா மகன் எல்லாவற்றையும் அள்ளுகிறான். சண்டைக்கு நடுவில், "மாமா, அந்த மந்திரச் சுருள் யாரிடம் இருக்கிறது?" என்பான். முகாமில் விட்டுவந்த ஆளிடம் இருக்கும். அப்படி முகாமில் இருப்பவர்களின் பையைத் திறக்கும் வசதி ஐந்தாவது பேட்ச்சில்தான் வந்தது. புதிதாக எடுக்கும் மருந்தும் சுருளும் திரையின் அடியில் உள்ள குறுக்குவழிப் பட்டையில் தாமாகவே ஏறிக்கொள்ளும் தொல்லை வேறு. விளையாட்டைத் தொடங்கியதும் அந்த ஏற்பாட்டை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.