கூகுள் டேக்அவுட்: நாம் பார்ப்பது எத்தனை வகை என்று எண்ணிப் பார்க்க

"எல்லாமே பார்ப்பேன்" என்று சொல்லாதவர் இல்லை. உண்மையா என்று சோதிக்க, கூகுளில் இருக்கும் நம் தரவைப் பதிவிறக்கித் தரும் சேவையான, 2011 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் டேக்அவுட் போதும். யூடியூபில் பார்த்ததையெல்லாம் கோப்பாகத் தந்துவிடும். தரவுக்கு முழு மதிப்பெண், வசதிக்குப் பாதிதான். கணக்குப் போடுவது நம் தலையில்.

முதலில் எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு யூடியூபை மட்டும், அதற்குள்ளும் ஹிஸ்டரியை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஏற்றிய வீடியோக்களும் சேர்ந்து ஜிபி கணக்கில் வீங்கும். கோப்பு வடிவத்தை ஹெச்டிஎம்எல்லிலிருந்து (இணையப் பக்க வடிவம்) ஜேசனுக்கு (எக்செல் அட்டவணையாகப் பிரிக்கக்கூடிய தரவு வடிவம்) மாற்றுவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பு 7 நாளில் காலாவதியாகிவிடும்.

அந்தக் கோப்பை எக்செலின் பவர் குவெரியில் (தரவை இறக்கிச் சீராக்கும் கருவி) திறந்து 'சப்டைட்டில்ஸ்' பத்தியை இரண்டு முறை விரித்தால் சேனல் பெயர்கள் கிடைக்கும். (வசன வரிகளுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை!) 'ஃப்ரம் கூகுள் ஆட்ஸ்' என்றிருப்பவை விளம்பரங்கள், நீக்கிவிடுங்கள். சேனல் பெயரே இல்லாதவை பெரும்பாலும் அழிக்கப்பட்ட வீடியோக்கள். யூடியூப் மியூசிக் வரிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு கணக்கையே சாய்த்துவிடும்.

அடுத்து, பிவட் டேபிளில் (எக்செலின் தொகுப்பு அட்டவணை) சேனல் வாரியாக எண்ண வேண்டும். இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. 51 சேனல் என்று வந்தால் பெருமையாகத்தான் இருக்கும். அதில் ஒன்றே பாதியை விழுங்கி, மற்ற 50-க்கும் ஆளுக்கு 1 சதவீதம்தான் என்றால்? ஒவ்வொரு சேனலின் பங்கையும் (0.5, 0.01 என்று) வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.255; 1-ஐ அதால் வகுத்தால் 3.9. பெயருக்கு 51, நடைமுறையில் நாலு! உயிரின வகைகளை அளக்கச் சூழலியலாளர்கள் பயன்படுத்தும் சிம்ப்சன் குறியீடுதான் இது, 1949-இல் வந்தது.

பெரிய குறை, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது கோப்பில் இல்லாதது. அரை நிமிட ஷார்ட்ஸும் மூன்று மணி நேர உரையும் ஆளுக்கு ஒரு வரிதான். அதனால் ஷார்ட்ஸ் தள்ளுபவர்களுக்கு எண் உயர்ந்தே காட்டும். 2020-க்குப் பின் தொடங்கிய கணக்குகளில், அமைப்பை மாற்றாவிட்டால் 36 மாதத்துக்கு முந்தையவை தானாக அழிந்திருக்கும். ஹிஸ்டரியை நிறுத்தி வைத்த நாள்களுக்கு எதுவும் வராது. வீட்டு டிவியில் எல்லோரும் ஒரே கணக்கில் பார்த்தால், குழந்தையின் கார்ட்டூனும் பாட்டியின் பிரசங்கமும் சேர்ந்து வரும். அந்த எண் யாருடைய ரசனையையும் சொல்லாது.